பதினெட்டாம் பக்கத்து மைனஸ்

கையத் தூக்கணும். அவ்வளவுதான் வேலை. வலது கை சால்வைக்கு அடியில மடியில கிடக்கு, அதை ஒரு முழம் மேல கொண்டு போனா போதும், முன் வரிசையில இருந்து செமினார நடத்தற சேஷகோபாலன் திரும்பிப் பார்த்து "சொல்லுங்க ஹெலன்"ம்பாரு, நான் என் பேப்பர்ல பதினெட்டாம் பக்கத்துல ஒரு சைன், பிளஸ் மைனஸ் குறி, தப்புன்னு சொல்லிட்டு உக்காந்துடலாம். பத்து செகண்டு ஆகாது. கை எந்திரிக்க மாட்டேங்குது. குளிருதுன்னு சொல்லிக்கறேன். இந்த செமினார் ஹால்ல ஏசிய பதினெட்டுக்கு மேல ஏத்தவே விடமாட்டாங்க, பாரு, அங்கயும் பதினெட்டு வந்து நிக்குது, காலையில இருந்து எதைப் பார்த்தாலும் பதினெட்டாத்தான் தெரியுது. திரையில கீழ வலது மூலையில 6/42. ஆறாவது ஸ்லைடு. இன்னும் முப்பத்தாறு இருக்கு, அவசரம் இல்ல, அவசரப்படாதடி ஹெலன், ஐம்பத்தி நாலு வயசாச்சு, ஒரு ஸ்லைடு பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உனக்கு. மேடையில மருதாசலம் பேசிட்டு இருக்காரு. வெள்ளைச் சட்டை, காலர்ல மடிப்பு இன்னும் விடல, புதுசு போல. தொண்டை கட்டியிருக்கு. இது சும்மா செமினார் இல்ல, வேலைக்கான செமினார். இது முடிஞ்சதும் பன்னெண்டேகாலுக்கு கமிட்டி உக்காரும், கமிட்டியில நான் ஒருத்தி, இவரை எடுக்கலாமா வேணாமான்னு அரை மணி நேரத்துல சொல்லிடுவோம். அவரோட பயோடேட்டாவ ரெண்டு தடவை படிச்சிட்டேன். ஊரு உடுமலைப்பேட்டை. மூணு நாட்டுல மூணு தற்காலிக வேலை, ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு வருஷம். வர்ற மாசம் முப்பத்தெட்டு வயசு முடியுது, எங்க இன்ஸ்டிட்யூட் விதிப்படி அதோட வாசல் சாத்தியாச்சு. மத்த இடமெல்லாம் ஏற்கெனவே சாத்தியாச்சுன்னு அந்த பயோடேட்டாவப் பார்த்தாலே தெரியும். அவர் இன்னிக்குப் பேசறது மூணு வருஷ வேலை. அந்த மூணு வருஷமும் என் பேப்பர்ல பதினெட்டாம் பக்கத்துல இருக்கிற ஒரு நம்பர் மேல உக்காந்திருக்கு. அந்த நம்பர் பிளஸ்னு நாங்க எழுதியிருக்கோம். அது மைனஸ். எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்.

ஆறேமுக்கால் இருக்கும். இட்லிக் குக்கர் ஆவி விட்டுட்டு இருந்துச்சு. இவர் என் வேலைய வச்சுப் பேசப் போறாரே, நல்லதா ஒரு கேள்வி கேப்போம், பெரிய மனுஷி மாதிரி இருக்கும்னு அலமாரியில இருந்து பழைய ஃபைல எடுத்தேன். இந்த ஆசைதான் வினை. எடுக்காம இருந்திருந்தா இந்நேரம் நிம்மதியா தூங்கி வழிஞ்சிட்டு இருப்பேன், மத்த புரொஃபஸர்ங்க மாதிரி. ஃபைல்ல அனிர்பனோட கையெழுத்துப் பக்கங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கல்கத்தாவுல இருந்து மூணு மாசம் வந்து எங்களோட இருந்தான், நல்ல மூளை, அதைவிட நல்ல சிரிப்பு, இப்ப லண்டன்ல ஏதோ பேங்க்ல இருக்கான், இயற்பியலே வேணாம்னு போயிட்டான். ஒவ்வொரு பக்கத்துலயும் மேல் மூலையில சின்னதா ஒரு அடைப்புக்குள்ள பிளஸ், மைனஸ், மைனஸ், மைனஸ்னு எழுதி வச்சிருப்பான். எங்க தொழில்ல இது ஒரு பழைய பிடிவாதம். காலத்துக்கு மைனஸ் போட்டு இடத்துக்கு பிளஸ் போடறவங்க ஒரு கட்சி, காலத்துக்கு பிளஸ் போட்டு இடத்துக்கு மைனஸ் போடறவங்க இன்னொரு கட்சி. ரெண்டும் சரிதான், எதுல ஆரம்பிச்சமோ அதுலயே முடிக்கணும். நான் முதல் கட்சி, அவன் ரெண்டாவது கட்சி. அவன் கணக்க என் கட்சிக்கு மாத்தி எழுதினது நான். வெளி எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு சொல்ற அளவு ஒரு தடவை வர்ற உறுப்புல சைன் மாறும், ரெண்டு தடவை வந்தா மாறாது, மூணு தடவை வந்தா மறுபடி மாறும். இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, எம்.எஸ்ஸி. பிள்ளைங்களுக்கு நானே சொல்லித் தந்து மார்க் குறைச்சிருக்கேன். ஒரு தடவை வர்றதையெல்லாம் மாத்தினேன். ரெண்டு தடவை வர்றத விட்டேன். மூணு தடவை வர்றது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, பதினெட்டாம் பக்கத்துல, அதையும் சேர்த்து விட்டுட்டேன். இட்லி அடிப்பிடிச்ச வாசனை வந்த அப்புறம்தான் எந்திரிச்சேன். அடுப்ப அணைச்சிட்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன், மறுபடியும் மைனஸ். நாலு தடவை.

11/42. டப்பா படம் வந்திருக்கு. எல்லாரும் இந்தப் படத்தப் போடுவாங்க, நானும் இருபது வருஷமா போடறேன். மூடின டப்பா ஒண்ணு. உள்ள ஈர்ப்பு விசை இருக்கு, கருந்துளை இருக்கு, எல்லாம் விழுது, சுத்துது. டப்பாவோட தகரத்துல ஈர்ப்புங்கற பேச்சே இல்ல, வெறும் குவாண்டம் புலம், துகளுங்க கொதிச்சுக்கிட்டு இருக்கு. எங்க மொத்தப் பொழப்பும் ஒரு வரிதான்: உள்ள நடக்கிறதும் தகரத்துல நடக்கிறதும் ரெண்டு விஷயம் இல்ல, ஒரே விஷயம், ரெண்டு விதமா எழுதியிருக்கு. இங்க கணக்குப் போட முடியாம திணறினா அங்க போய் போடலாம், அதே விடை வரும். இதை யாரும் முழுசா நிரூபிக்கல. ஆனா போட்டுப் பார்த்த இடத்துலயெல்லாம் பொருந்தியிருக்கு. அம்மாகிட்ட ஒரு தடவை பிஸ்கட் டப்பாவ வச்சுச் சொன்னேன், மார்த்தாண்டம் வீட்டுல. எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதுல எது உள்ளது பிள்ளே, உள்ளயா வெளியவா"ன்னா, எது நெசம்னு. ரெண்டும்தாம்மான்னேன். "அப்படின்னா ஒனக்கே தெரியாது"ன்னு டப்பாவ வாங்கி மூடி வச்சிட்டா. சிரிச்சேன் அன்னிக்கு. எங்க பேப்பர் இதுதான்: உள்பக்கக் கணக்கு அனிர்பன், தகரத்துக் கணக்கு நான், ரெண்டும் பொருந்துதான்னு பார்க்கணும். முதல்ல பொருந்தல. எனக்கு மைனஸ் வந்துச்சு, அவன்கிட்ட இருந்து நான் மாத்தி எழுதினது பிளஸ் வந்துச்சு. எங்க கூட்டத்துல பொருந்தலன்னா யாரும் கோட்பாட்ட சந்தேகப்பட மாட்டாங்க, தன்னைத்தான் சந்தேகப்படுவாங்க. உள்பக்கம் அவன் புலி, அவன் தப்பு பண்ணமாட்டான், தப்பு என்கிட்டத்தான்னு பதினேழு நாள் தேடினேன். ஒரு மத்தியானம் கிடைச்சுது, என் பக்கத்துல ஒரு இடத்துல இப்படியும் எடுத்துக்கலாம், அப்படியும் எடுத்துக்கலாம்ங்கற மாதிரி ஒண்ணு, அதை அப்படி எடுத்துக்கிட்டேன், பிளஸ் ஆயிடுச்சு. பொருந்திடுச்சு. கேன்டீன்ல எல்லாருக்கும் ஜிலேபி வாங்கினோம். பொருந்தற வரைக்கும் தேடினேன், பொருந்தினதும் நிறுத்திட்டேன். மேல ஒரு நாள், ஒரே ஒரு நாள் தேடியிருந்தா போதும். இதுல வயிறு எரியறது என்னன்னா, என் முதல் மைனஸ்தான் சரி. உள்ளயும் மைனஸ், வெளியயும் மைனஸ், அது தன்பாட்டுக்கு ஒழுங்கா பொருந்தித்தான் கிடந்துச்சு. அந்தக் கோட்பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நாங்கதான் போனோம்.

22/42. அவரோட கருந்துளை வந்தாச்சு. அழகா இருக்கு, அதையும் சொல்லணும், அழகாத்தான் பண்ணியிருக்காரு. புதுசா ஒரு வகைக் கருந்துளை, அது தொட்டா கலையாம நிலைச்சு நிக்கும்னு காட்டறாரு, தகரத்துப் பக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்னும் சொல்லப் போறாரு. என் நம்பர் பிளஸ்ஸா இருந்தாத்தான் அது நிக்கும். மைனஸ் போட்டா நிக்காது. காலையில நானே ஒரு காகிதத்துல போட்டுப் பார்த்துட்டேன், லேசா ஊதினாக்கூடக் கலைஞ்சிடும், அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. இல்லாத ஒண்ணுக்கு மூணு வருஷம். ஹாலுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி தாழ்வாரத்துல என்னைப் பார்த்து ஓடி வந்தாரு, கையில அடாப்டர் தொங்குது. "மேடம், உங்க பேப்பர் இல்லீன்னா எனக்கு இந்த வேலையே இல்லீங்க" அப்படின்னாரு. "அப்படியெல்லாம் இல்ல மருதாசலம்"னு ஏதோ சொன்னேன். போனவர் திரும்பி வந்து, "இருபத்தொன்பதாவது ஸ்லைடுல உங்க சமன்பாடு வருதுங்க. அங்க நிறுத்துவேன். நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க மேடம், தயங்காதீங்க"ன்னாரு. எவ்வளவு மரியாதை பாரு. வந்த இடத்துல, இந்தப் பதட்டத்துல, எனக்கு மரியாதை பண்ண ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்காரு. அப்பவே சொல்லியிருக்கணும். தாழ்வாரத்துல, ரெண்டே பேர் இருக்கும்போது. பேச்சுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு மனுஷன்கிட்ட எப்படி சொல்றது உன் மூணு வருஷம் போச்சுன்னு. சரி, அப்ப சொல்லல. இப்ப சொல்லேன். இருபத்தி நாலு. இருபத்தஞ்சு. விரல மடக்கி நீட்டறேன், உயிரு இருக்கு, வேலை செய்யுது.

29/42. என் சமன்பாடு. பக்கத்துல என் பேரு, அனிர்பன் பேரு. மருதாசலம் நிறுத்திட்டாரு. தண்ணி பாட்டிலத் திறக்கறாரு, குடிக்கல, மூடறாரு, என்னையே பார்க்கறாரு. சேஷகோபாலன்கூட லேசாத் திரும்பறாரு. இதுதான், இப்பத்தான், தூக்கு. அப்பா ஞாபகம் வருது, வரக்கூடாத நேரத்துல வருது. அப்பா எங்க சர்ச்ல பாட்டுக்குழு நடத்தினாரு. ஒரே பாட்டு ரெண்டு விதமா எழுதியிருக்கும், அஞ்சு கோடு போட்ட நொட்டேஷன்ல ஒண்ணு, அது ஆர்கன் வாசிக்கிறவருக்கு, டோ ரே மீ எழுத்துல ஒண்ணு, அது பாடறவங்களுக்கு. கோட்டுல இருக்கிறத எழுத்துக்கு மாத்தி அப்பா கையால எழுதித் தருவாரு, முத்து முத்தா. கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணுல ஒரே ஒரு இடத்துல சோ போட வேண்டிய இடத்துல ஃபா போட்டுட்டாரு. ஆறு கிறிஸ்துமஸ் அப்படியே பாடினோம், நல்லாத்தான் இருந்துச்சு. ஏழாவது வருஷம் வெளியூர்ல இருந்து ஒரு ஆர்கனிஸ்ட் வந்தாரு, ஒத்திகையில பாதியில கைய எடுத்துட்டு, "மாஸ்டர், இங்க தப்பா எழுதியிருக்கீங்க"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. அப்பா அந்த நோட்ட வாங்கிப் பார்த்தாரு, "ஆமா"ன்னாரு, மடிச்சு வச்சாரு. எனக்குப் பதினோரு வயசு, ரெண்டாவது வரிசையில நின்னுட்டு இருந்தேன், அப்பாவோட காது சிவந்தத பார்த்தேன். அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் உயிரோட இருந்தாரு, பாட்டுக்குழு பக்கம் போகல, கடைசி பெஞ்சுல உக்காந்து வாயத் தொறக்காம ஆராதனை கேட்டுட்டு வருவாரு. அந்த ஆர்கனிஸ்ட் பண்ணினது சரிதான். ஆனா நான் அந்த ஆள என்னிக்கும் மன்னிக்கல. இப்ப நான் ஆர்கனிஸ்ட்டா அப்பாவா? ரெண்டும் நான்தான். தப்பா எழுதினவளும் நான், எந்திரிச்சு சொல்ல வேண்டியவளும் நான், காது சிவக்கப் போறது மட்டும் மேடையில நிக்கிறவருக்கு. "மேடம்?" அப்படின்னாரு மருதாசலம். நேரா என்கிட்ட, மைக்குல. நான் தலைய ஆட்டினேன். ஒண்ணுமில்ல, மேல போங்கன்னு கையக் காட்டினேன். பாரு, அதுக்கு மட்டும் கை எந்திரிச்சுது.

அவர் என்னைப் பார்த்தாரு. ஏமாந்த மாதிரி ஒரு முகம், இல்ல, களைச்ச முகம். அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு. 30/42. நான் இரக்கத்துல விட்டேன். அப்படித்தான். ஒரு மனுஷனுக்கு கடைசி வாய்ப்பு, உடுமலைப்பேட்டையில யாரோ போன கையில வச்சுக்கிட்டு காத்திருப்பாங்க, அதைக் கெடுக்க வேணாம்னு விட்டேன். வேலை கிடைக்கட்டும், அப்புறம் ஆறு மாசம் கழிச்சு மெதுவா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு திருத்தம் போட்டுக்கலாம். நியாயமான பேச்சு, எங்கயும் ஓட்டை இல்ல. சரி, இதையே இன்னொரு விதமா எழுதிப் பார்ப்போம், அதுக்குத்தானே நமக்கு சம்பளம். அறுநூறு பேர் மேற்கோள் காட்டின பேப்பர், என் பேரு தெரியறதே அதாலதான், எண்பது பேர் முன்னாடி எந்திரிச்சு அது தப்புன்னு சொல்ல எனக்கு பயம், அதனால வாய மூடிக்கிட்டேன். இதுலயும் ஓட்டை இல்ல. இரக்கம்னு போட்டாலும் அதே மௌனம் வருது, கோழைத்தனம்னு போட்டாலும் அதே மௌனம் வருது. கடைசி தசமம் வரைக்கும் ஒண்ணு. எந்தச் சோதனை வச்சும் ரெண்டையும் பிரிக்க முடியாது. எது உள்ளது பிள்ளேன்னு அம்மா கேப்பா. எனக்குத் தெரியலம்மா, நெசமாவே தெரியல. அறுநூத்தி ஒண்ணாவது, அறுநூத்தி ரெண்டாவது ஆளுங்க இனி வருவாங்க, இதே நம்பர எடுத்து மேல கட்டுவாங்க, இன்னொரு முப்பத்தெட்டு வயசு ஆள் இன்னொரு ஊர்ல புதுச் சட்டை போட்டு நிப்பான். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. நாற்பது. 41/42, நன்றின்னு எழுதியிருக்கு. அதோட நின்னுட்டாரு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே, மேற்கோள் பட்டியலா இருக்கும். கைதட்டல். சேஷகோபாலன் எந்திரிச்சு கேள்வி உண்டான்னு கேட்டாரு. யாரோ வெப்பநிலை பத்திக் கேட்டாங்க, யாரோ அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டாங்க. "ஹெலன்?" அப்படின்னாரு சேஷகோபாலன். எல்லாரும் திரும்பினாங்க. நல்லா இருந்துச்சுன்னேன்.

வெளிய டீ. பிளாஸ்க்ல இருந்து ஊத்தினது ஆறிப்போய் பால் ஆடை கட்டியிருக்கு, அதையும் பிடிச்சுக்கிட்டு ஜன்னலோரமா நின்னேன். சுடு வெயில், சால்வைய எடுக்கத் தோணல. மருதாசலம் லேப்டாப்ப நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டு வந்தாரு. கிட்ட பார்த்தா கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. வாழ்த்து சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே மேடம்" அப்படின்னாரு. என்ன கேக்கணும்னேன். அவர் லேப்டாப்ப ஜன்னல் திண்டுல வச்சு பாதி தொறந்து என் பக்கம் திருப்பினாரு. 42/42. மேற்கோள் பட்டியல் இல்ல. என் சமன்பாடு, அனிர்பனோட அந்த மூணு தடவை வர்ற உறுப்பு, ரெண்டு கட்சி சைனும் பக்கத்துல பக்கத்துல, கீழ சிவப்புல ஒரு மைனஸ். அதுக்கும் கீழ ஒரே வரி, இந்தக் கருந்துளை நிலைக்காதுன்னு. எப்ப இருந்துன்னு கேட்டேன். "ஏழு மாசமாச்சுங்க. அப்ளிகேஷன் போட்டதுக்கு அப்புறம்தான் கண்டுபிடிச்சேன்." அவர் குரல்ல கோபமே இல்ல, இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். "நானா எந்திரிச்சு உங்க தப்ப உங்க இடத்துலயே எல்லார் முன்னாடியும் போடறதுக்கு மனசு வரலீங்க. நீங்க எப்படியும் பார்த்திருப்பீங்க, கேப்பீங்க, கேட்டா உடனே இதைப் போட்டு ஒத்துக்கலாம்னுதான் வந்தேன். அதுக்குத்தான் இருபத்தொன்பதுல நிறுத்தினேன். நீங்க போங்கன்னுட்டீங்க." நீங்க இன்னிக்குக் காலையில பார்த்தீங்களா, முன்னாடியே தெரியுமான்னு அவர் கேக்கல. "எனக்காகத்தான் விட்டீங்கன்னு தெரியுதுங்க" அப்படின்னாரு. அப்புறம் லேப்டாப்ப மூடினாரு. "இனி நம்ம ரெண்டு பேருமே சொல்ல முடியாதுங்களே மேடம்." அதைக் கேள்வியாவும் கேக்கல, குறையாவும் சொல்லல. ஒரு பிஸ்கட்ட எடுத்து, கடிக்காம, கையில வச்சுக்கிட்டு நின்னாரு.

பன்னெண்டேகால். கமிட்டி ரூம்ல அஞ்சு பேர், நடுவுல ஒரு தட்டுல முந்திரி, யாரும் தொடல. இங்க ஏசி அவ்வளவா குளிரல. சேஷகோபாலன் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, ஆளு நல்லா பேசறாரு, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, ஆனா இந்த விஷயத்துல இந்த ரூம்ல உங்களவிட தெரிஞ்சவங்க யாரும் இல்ல ஹெலன், அவர் நிக்கறதே உங்க ரிசல்ட் மேலதான், நீங்க சொல்றதுதான் கணக்குன்னாரு. இப்பவும் சொல்லலாம். இப்பவும் வாயத் தொறந்தா பத்து செகண்டுதான். சொன்னா அவருக்கு வேலை போச்சு, சொல்லலன்னா அவர் இங்க வந்து இருபது வருஷம் எதிர் ரூம்ல உக்காருவாரு, தினம் நாலு மணிக்கு டீ குடிக்க ரெண்டு பேரும் ஒரே மேசைக்குப் போவோம். ஜன்னல் வழியா பார்த்தேன், கீழ வேப்பமரத்தடி பெஞ்சுல வெள்ளைச் சட்டை, மடியில லேப்டாப், தொறக்கல. "ரெண்டு பக்கமும் பொருந்துதா?" அப்படின்னு கேட்டாரு சேஷகோபாலன், பேனாவத் தொறந்துக்கிட்டே. பொருந்துது சார்னேன்.